கிணற்றில் நமக்குள்ள பங்கு

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு - வானொலி மறையுரை)





இன்றைய வாசகங்கள் இரண்டு தாகத்தைப் பற்றிப் பேசுகின்றன. விடுதலைப் பயண நூலில், பாலைநிலத்தில் நா வறண்ட மக்கள் மோசேயோடு வாதாடுகிறார்கள். ஆண்டவர் பாறையிலிருந்து தண்ணீர் தருகிறார். யோவான் நற்செய்தியில், நடந்து களைத்த நம் ஆண்டவர் நண்பகல் வெயிலில் ஒரு கிணற்றருகே அமர்ந்து, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்.

இந்த நற்செய்தியைக் கேட்கும்போது நாம் வழக்கமாக வாழ்வு தரும் தண்ணீரை நோக்கி விரைந்துவிடுவோம். அது சரியே, ஆண்டவர் அந்தப் பெண்ணை அங்கேதான் அழைத்துச் செல்கிறார். ஆனால் இன்று சற்று நேரம் கிணற்றுக் கட்டிலேயே நின்று பார்ப்போம். அந்தப் பெண் தன் ஊர்க் கிணற்றைப் பற்றி என்ன சொல்கிறாள்? இது எங்கள் தந்தை யாக்கோபு எங்களுக்குத் தந்தது, அவர் குடித்தார், அவர் பிள்ளைகள் குடித்தார்கள், அவர் கால்நடைகளும் குடித்தன என்று பெருமையோடு சொல்கிறாள். யாக்கோபுக்கும் அவளுக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆனாலும் அந்தக் கிணறு குடிக்கத்தக்கதாகவே இருந்தது. ஆண்டவர் இயேசுவும் அந்தத் தண்ணீரை அற்பமானது என்று ஒதுக்கவில்லை. முதலில் அதைத்தான் கேட்டார். வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வருகிறது.

நாம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த நற்செய்தி நன்றாகப் புரியும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை செம்மண்ணினூடே இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அடியில் கடல்நீர், அதன்மேல் ஒரு வில்லையைப் போல நல்ல தண்ணீர். இவ்வளவுதான் நம் சொத்து. இதை நம்பித்தான் நம் முன்னோர்கள் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினார்கள், துலா மிதித்தார்கள், தோட்டம் செய்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். நமக்கும் ஒரு யாக்கோபு இருந்தார், ஒவ்வொரு வளவிலும் இருந்தார்.

அவர்கள் தந்த கிணற்றில் இன்று என்ன இருக்கிறது என்பதுதான் நாம் இன்று சிந்திக்க வேண்டிய கேள்வி.

அன்பானவர்களே, நைத்திரேற்று என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் கேட்டிருப்போம். தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலும், மாட்டெருவிலும், மலசலகூடக் குழியிலும் நைதரசன் இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிருக்கு அது உணவு. ஆனால் பயிர் எடுத்தது போக மிஞ்சுவதை மண் பிடித்து வைத்திருக்காது. இறைக்கிற தண்ணீரோடும் பெய்கிற மழையோடும் அது கீழே இறங்கிவிடும். ஆழமான களிமண் உள்ள ஊர்களில் கீழே போய்ச்சேர நீண்ட காலம் எடுக்கும். நமக்கோ மண் மெல்லியது, கல்லில் வெடிப்பு நிறைய. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பழம் போகிறதோ இல்லையோ, நிலத்துக்குக் கீழே தண்ணீருக்கு வேலி இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யப்படும் நம் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த எல்லையை மீறியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதி வைத்தார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. அந்த ஆய்வுகளைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் முதலில் கூரையைத்தான் பார்த்தோம், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம், தண்ணீர் தெளிந்ததும் குடித்தோம்.

தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்பது நம் நம்பிக்கை. நைத்திரேற்று அந்த நம்பிக்கையை ஏமாற்றுகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். துணியால் வடித்தாலும், சாதாரண வடிகட்டியில் ஊற்றினாலும் அது தண்ணீரோடு சேர்ந்தே வரும்.

இதனால் முதலில் பாதிக்கப்படுவது யார்? வீட்டில் எல்லோரிலும் சிறியவர். ஆறு மாதத்துக்குக் குறைந்த பச்சைக் குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று எளிதில் நைத்திரைற்றாக மாறும். அது இரத்தத்தில் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சுத் திணறும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் கோம்லி என்ற வைத்தியர், கிராமத்துக் குழந்தைகள் நீலம் பாரித்ததற்குக் காரணம் பால்மா கரைத்த கிணற்றுத் தண்ணீர்தான் என்று கண்டு எழுதினார். கிராமம், கிணறு, கைக்குழந்தை, அன்போடு பால் கரைத்த ஒரு தாய். அந்தத் தாய் செய்தது எல்லாம் சரியே. தண்ணீர்தான் சரியில்லை.

பெரியவர்களைப் பற்றியும் கவலை இல்லாமல் இல்லை. உடலுக்குள் வேறு சேர்மங்களாக மாறும் நிலையில், உட்கொள்ளும் நைத்திரேற்று புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியிருக்கிறது. இதைக் கேட்டு யாரும் பதற வேண்டாம். ஆனால் கேட்டும் கேளாதவர்போல் இருக்கவும் வேண்டாம்.

இதற்கு யார் பொறுப்பு?

சில ஆண்டுகளுக்கு முன் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தது நமக்கு நினைவிருக்கும். வாளியை இழுத்தால் மணம் வந்தது. தண்ணீரில் படலம் தெரிந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். வழக்கு நடந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. அங்கே கண்ணுக்குத் தெரியும் மாசு இருந்தது. சுட்டிக்காட்ட ஒரு தரப்பு இருந்தது. நைத்திரேற்றுக்கு அப்படி ஒருவரைச் சுட்ட முடியாது. ஒரு தோட்டத்தில் ஒரு பிடி யூரியா கூட. ஒரு வீட்டில் அடி மூடாத ஒரு மலக்குழி. ஒரு விடுதியில் பத்து அறைக்கு ஒரு குழி. ஒரு தொழுவத்தின் பின்னால் குவித்த எரு. எல்லாம் சிறியவை, எல்லோரும் நல்லவர்கள். ஆனால் கல்லுக்குக் கீழே எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதில் ஒரே ஒரு கிலோ நைதரசன் பயிருக்குச் சேராமல் நைத்திரேற்றாகிக் கீழே இறங்கினால், ஏறக்குறைய 88,000 லீற்றர் தூய தண்ணீரை அது 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு கிலோ என்பது எத்தனை பிடி? எத்தனை தோட்டம்? எத்தனை போகம்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் ஒப்புரவைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் சமூகப் பாவம் என்பதை விளக்கினார். சமூகம் என்ற பெயரில் யாருமற்ற ஒரு பாவம் கிடையாது. பல தனி மனிதர்களின் செயல்களும், செய்யத் தவறியவைகளும் சேர்ந்து குவிவதே அது என்பது அவர் போதனையின் சாரம். இறையியல் வகுப்பில் இதை விளக்குவது கடினம். நம் ஊர்க் கிணறு இதை எளிதாக விளக்குகிறது. யாரும் தீமை செய்ய நினைக்கவில்லை. ஆனாலும் தீமை குவிந்திருக்கிறது.

ஆகவே கமக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த மறையுரை வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, பயிர் வாடி, கடன் ஏறி, அவர்கள் பட்ட பாட்டை நாடே பார்த்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. நகையை அடகு வைத்து வெங்காயம் நடுகிறவருக்கு, விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கை ஒரு பிடி கூடப் போடுகிறது. அந்தப் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கையைக் கண்டிப்பது நீதி அல்ல. அதுபோல, எரு மட்டும் போட்டால் கிணறு தப்பிவிடும் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. அளவுக்கு மிஞ்சினால் மாட்டெருவும் நைத்திரேற்றாகவே கீழே போகும். தோட்டமே செய்யாத நகரத்து வீட்டுக்காரரின் மலக்குழியும் அதே கல்லுக்குள்தான் வடிகிறது.

நம் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் எல்லைகளைச் சொன்ன பிறகு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு என்றும் வழி வாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருக்கும். நிலத்துக்கு வேலி போட்ட நம் முன்னோர் தண்ணீருக்குப் பங்கு வைத்தார்கள். இன்று உங்கள் முறை, நாளை எங்கள் முறை என்று இறைத்தார்கள். சண்டையும் வந்தது, வழக்கும் நடந்தது. ஆனாலும் ஒரு கிணறு பலருடையது என்ற எண்ணம் இரத்தத்தில் இருந்தது. திருச்சபையில் நம் சமூகத்துக்கும் பங்கு என்றுதான் பெயர். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் நாம் ஒரு பங்கு. ஒரே கிணற்றில் பங்குள்ளவர்கள் ஒருவர் மற்றவரின் குடத்துக்குப் பொறுப்பாளிகள் அல்லவா?

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் முப்பத்து நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மந்தையில் உள்ள கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறார். அவை தெளிந்த தண்ணீரைத் தாம் குடித்துவிட்டு, மிஞ்சியதைக் காலால் கலக்கிவிடுகின்றன. மெலிந்த ஆடுகள் அந்தக் கலங்கலைக் குடிக்க வேண்டியிருக்கிறது. இன்று இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வசதி உள்ள வீட்டில் சுத்திகரித்த தண்ணீரைப் போத்தலிலும் கொள்கலனிலும் வாங்குகிறோம். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரித்தால் நைத்திரேற்று பெரும்பாலும் நீங்கும், அது உண்மை. ஆனால் அந்தக் கொள்கலனை வாங்க வழியில்லாத குடும்பம் பழைய கிணற்றிலேயே அள்ளுகிறது. நம் குழியின் கழிவும் நம் தோட்டத்து மிச்சமும் அவர்கள் குடத்துக்குள் போகின்றன. தூய்மையான குடிநீரைப் பெறுவது ஒவ்வொரு மனிதருக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் போதித்தார். உரிமை என்றால், அதை விலைக்கு வாங்க முடிந்தவர்களோடு அது நின்றுவிட முடியாது.

அரசர்கள் இரண்டாம் நூலில் எரிகோ நகர மக்கள் எலிசாவிடம் வந்து முறையிடுகிறார்கள். ஊர் நல்ல ஊர், தண்ணீர் மட்டும் கெட்டுவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடு. எலிசா வீடு வீடாகப் போய்க் குடங்களைச் சுத்தம் செய்யவில்லை. நேரே ஊற்றுக்குப் போகிறார். அங்கேதான் உப்பை இடுகிறார். அங்கேதான் ஆண்டவர் தண்ணீரைக் குணமாக்குகிறார். நாமும் ஊற்றுக்குப் போக வேண்டும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குழாயில் வந்து சேரும் இடங்களில் அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் குழாய் வந்துவிட்டது, இனிக் கிணறு எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டால், பல நூறு ஆண்டுகளாக நம்மைக் காத்த கொடையை நம் தலைமுறையோடு மூடிவிடுவோம்.

என்ன செய்யலாம்? தவக்காலத்துக்கு ஏற்ற எளிய காரியங்கள் சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, சோதித்துப் பார்ப்போம். தவக்காலத்தில் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். வெளியே தெரியாத பாவத்தையும் தேடிப் பார்க்கிறோம். கிணற்றுக்கும் அது தேவை. கைக்குழந்தையோ கர்ப்பிணித் தாயோ இருக்கும் வீடுகள் முதலில் செய்யட்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் விசாரியுங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து போனால் செலவும் அலைச்சலும் குறையும். பெறுபேறு நன்றாக இருந்தால் நன்றி சொல்லுங்கள். நன்றாக இல்லாவிட்டால் மறைக்காதீர்கள்; பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். அது உங்கள் வீட்டுக்கு அவமானம் அல்ல, எல்லோருக்கும் எச்சரிக்கை.

இரண்டாவது, ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். தாய் குடிக்கும் தண்ணீரில் உள்ள நைத்திரேற்று தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே வருகிறது. இறைவன் படைப்பிலேயே வைத்த வேலி அது. பால்மா கொடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால், சோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம். குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மூன்றாவது, தோட்டம் செய்யும் சகோதரர்கள் விவசாயப் போதனாசிரியரின் சிபாரிசு அளவைக் கேட்டு அதன்படி பசளை போடுங்கள். ஒரே முறையில் கொட்டாமல், பயிர் எடுக்கும் அளவுக்குப் பிரித்துப் போடுங்கள். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் பொறுத்திருங்கள். பாத்தி நிறைய வெள்ளம் கட்டி இறைத்தால் பசளையும் உங்கள் காசும் சேர்ந்தே கீழே போகும். இதில் கிணறும் தப்பும், பணமும் மிஞ்சும். கமக்கார அமைப்புகள் இதைக் கூடிப் பேசினால், ஒருவர் மட்டும் குறைத்து நட்டப்படுவோமோ என்ற பயமும் தீரும்.

நான்காவது, புதிய வீடு கட்டுவோர் மாபிள் பதிக்கும் முன் மலக்குழியைப் பாருங்கள். அடியும் பக்கமும் மூடிக் கட்டிய தொட்டி, அதைக் காலத்துக்குக் காலம் வெறுமையாக்கும் ஏற்பாடு, இரண்டும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளே, மதிலை உயர்த்த அனுப்புவதில் ஒரு பகுதியை இதற்கு அனுப்புங்கள். மதிலை விட இது பிள்ளைகளைக் காக்கும்.

ஐந்தாவது, குளங்களையும் கேணிகளையும் தூர் வாருவோம். கூரை மழைநீரைச் சேர்ப்போம். நல்ல மழைநீர் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு நைத்திரேற்றின் செறிவும் குறையும், உப்பும் தள்ளி நிற்கும். இது ஒரு வளவுக்காரரால் ஆகாது. கோவிலும் ஆலயமும் பள்ளிவாசலும் சனசமூக நிலையமும் சேர வேண்டிய வேலை. கல்லுக்குக் கீழே ஓடும் தண்ணீர் நம் சமயத்தைக் கேட்பதில்லை. யூதர் சமாரியரோடு பழகாத அந்தக் காலத்தில், ஒரு யூதரும் ஒரு சமாரியப் பெண்ணும் பேசத் தொடங்கிய இடம் கிணற்றடிதான் என்பதை மறக்க வேண்டாம்.

அன்பானவர்களே, இன்னும் சில வாரங்களில் பாஸ்கா திருவிழிப்பு வரும். அந்த இரவில் பாஸ்கா திரியை ஏந்தி நின்று தண்ணீரை ஆசீர்வதிப்போம். அந்தத் தண்ணீரால் குழந்தைகள் திருமுழுக்குப் பெறுவார்கள். அது வேறெங்கிருந்தும் வருவதில்லை. நம் கிணற்றிலிருந்துதான் வருகிறது. ஒரு குழந்தையின் தலையில் வாழ்வின் அடையாளமாக ஊற்றும் தண்ணீர், அதே குழந்தையின் வாய்க்குப் போகும்போதும் வாழ்வாகவே இருக்க வேண்டும். திருமுழுக்குத் தொட்டியில் நாம் தரும் வாக்குறுதி வீட்டுக் கிணற்றடியிலும் நிறைவேற வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் நம் பங்கின் ஒவ்வொரு அன்பியமும் தம் பகுதியில் ஒரு கிணற்றையாவது சோதித்துப் பார்க்கட்டும். இந்தத் தவக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரித்தியாகத்தை நாம் அறியோம்.

நாளை நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் கிணற்றடியில் நிற்பார்கள். எங்கள் முன்னோர் இதை எங்களுக்குத் தந்தார்கள், அவர்கள் குடித்தார்கள், நாங்களும் குடிக்கிறோம் என்று அவர்களும் பெருமையோடு சொல்லக் கூடியதாக இருக்கட்டும்.

செபிப்போமாக. பாறையிலிருந்து தண்ணீர் தந்த இறைவா, எங்கள் கல்லுக்குக் கீழே நீர் சேர்த்து வைத்த தண்ணீருக்காக நன்றி கூறுகிறோம். கண்ணுக்குத் தெரியாததைத் தேடிப் பார்க்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். உழைத்துக் களைத்த கமக்காரரின் பயத்தை நீக்கியருளும். தாய்மாரையும் பச்சைக் குழந்தைகளையும் பாதுகாத்தருளும். தாகத்தோடு கிணற்றருகே அமர்ந்த உம் திருமகன், எங்கள் கிணற்றடிக்கும் வந்து தண்ணீர் கேட்கும்போது, அச்சமின்றி அள்ளிக் கொடுக்க எங்களுக்கு வரம் அருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.